கைராசியும் பெகோனியாவும்

 

ஊரில் நமக்கு முற்றம் இருந்தது. வாசலில் ஒரு செம்பருத்தியும், கிணற்றடியில் ஒரு வாழையும், கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் நாம் பெரிதாக ஒன்றும் செய்யாமலே வளர்ந்தன. இங்கே கராடியில் நமக்குக் கிடைத்திருப்பது, ஏழாவது மாடியிலோ பதினோராவது மாடியிலோ, நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாத ஒரு பால்கனி. அதிலே பாதி இடத்தைத் துணி காயப்போடும் கம்பி எடுத்துக்கொள்ளுகிறது. மீதி இடத்திலே ஒரு பச்சையைப் பார்க்க வேண்டும் என்று மனம் ஏங்குகிறது. இந்த ஏக்கத்தை நான் குறைவாக மதிப்பதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கும், ஆண்கள் கம்பெனிக்கும் போனபின் பகல் முழுவதும் நாலு சுவருக்குள் இருக்கிற சகோதரிகளுக்கும், ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட வயதான தாய் தகப்பன்மாருக்கும், தினமும் கவனித்துப் பார்க்க உயிருள்ள ஒன்று வேண்டியதாயிருக்கிறது.

குளிர்காலம் வந்தவுடன் செடி விற்பவர்கள் தள்ளுவண்டியோடு சொசைட்டி வாசலுக்கு வருகிறார்கள். மெழுகு பூசியதுபோல மினுங்கும் இலையும், சிவப்பு, வெள்ளை, ரோஜா நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூவும் உடைய சிறு செடியைக் காட்டுவார்கள். பெயர் கேட்டால் “பெகோனியா” என்பார்கள். ஆசையோடு இரண்டு வாங்குகிறோம். ஜனவரியில் பூக்கிறது. மார்ச்சில் வாடுகிறது. மே மாதத்தில் காலித் தொட்டிதான் மிஞ்சுகிறது. அப்பொழுது நம் வீடுகளில் ஒரு வார்த்தை எழும்புகிறது: “இந்தக் கைக்கு ராசியில்லை.” அந்த வார்த்தையைக் குறித்தும், அந்தச் செடியைக் குறித்தும் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

பெகோனியாவும் நம்மைப்போல வந்தேறியே

முதலாவது, இந்தச் செடி யார், எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். ஒருவரோடு பழகவேண்டுமானால் அவருடைய ஊரை அறிவது நல்லதல்லவா?

பெகோனியா என்னும் பெயரை வைத்தவர் ஷார்ல் புலூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்கிந்தியத் தீவுகளில் செடிகளைத் தேடி அலைந்தவர் இவர். தாவர ஆராய்ச்சிக்கு ஆதரவு தந்த மிஷேல் பெகோன் என்னும் பிரெஞ்சு அதிகாரியைக் கனப்படுத்தும்படி அவருடைய பெயரைச் செடிக்கு இட்டார். 1753இல் சுவீடன் தேசத்து லின்னேயஸ் அதே பெயரை ஏற்றுக்கொண்டார். இன்றைக்கு 2,000க்கும் மேற்பட்ட பெகோனியா இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா ஆகிய மூன்று கண்டங்களின் வெப்பமண்டலக் காடுகளே இவற்றின் சொந்த ஊர்.

இலைக்காக வளர்க்கப்படும் ரெக்ஸ் பெகோனியாவின் மூதாதை, நம்முடைய அஸ்ஸாம் பக்கத்து மலைக்காடுகளைச் சேர்ந்தது. 1850களில் அது பெல்ஜியம் தேசத்து நர்சரி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. 1857இல் அதற்கு முறையான பெயர் கிடைத்தது. ஐரோப்பாவில் பல இனங்களோடு கலப்பினம் செய்யப்பட்டு, வெள்ளியும் ஊதாவும் சிவப்புமாக நூற்றுக்கணக்கான வகைகளாகப் பெருகி, மீண்டும் இந்தியாவுக்கே வந்திருக்கிறது.

தமிழ்நாட்டு மலைகளுக்கும் இச்செடி அந்நியமல்ல. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஓடைக்கரைகளிலும் நிழலான சரிவுகளிலும் பெகோனியா மலபாரிகா என்னும் இனம் தானாக வளருகிறது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வீட்டுக்கு வீடு, தகர டப்பாவில்கூட, பெகோனியா செழிப்பாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

மழைக்காலத்துப் பாறை சொல்லும் பாடம்

நாம் குடியிருக்கும் இந்த புனே மாவட்டத்திலேயே ஒரு பெகோனியா உண்டு என்பது அநேகருக்குத் தெரியாது. லோனாவாலா, முல்ஷி, தாம்ஹிணி மலைப்பாதைகளில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் போகும்போது, சாலையோரத்துப் பாறைச் சுவர்களைக் கவனியுங்கள். பாசி படர்ந்த பாறையிடுக்கிலும், சில வேளைகளில் மரத்தின் அடித்தண்டிலும், ஒரு சாண் உயரத்தில் மென்மையான செடியும் இளஞ்சிவப்புப் பூவும் தெரியும். அதுவே பெகோனியா கிரெனாட்டா. மழை தொடங்கியதும் முளைக்கும். மழை நின்றதும் மேலே உள்ளதெல்லாம் மடிந்துவிடும். பாறையிடுக்கில் ஒரு சிறு கிழங்கு மாத்திரம் அடுத்த ஜூன் வரைக்கும் காத்திருக்கும்.

அது நிற்கும் இடத்தை நன்றாகப் பாருங்கள். மேலே தூறல் உண்டு. ஆனால் பாறையில் தண்ணீர் தேங்குவதில்லை, வழிந்து ஓடிவிடுகிறது. வேருக்கு ஈரம் உண்டு; கூடவே காற்றும் உண்டு. வெளிச்சம் உண்டு, ஆனால் நேர் வெயில் இல்லை. வேருக்குக் கிடைக்கும் மண்ணோ ஒரு கைப்பிடி இலைமக்குதான். பெகோனியா வளர்ப்பின் முழுப் பாடமும் இந்தப் பாறையிலே இருக்கிறது. நாம் செய்வதோ இதற்கு நேர்மாறானது: பெரிய தொட்டி, கனமான மண், தினம் இரண்டு வேளை தண்ணீர், மேற்கு வெயில்.

எந்த வகையை வாங்கலாம்?

வாங்கும்போதே வகை பார்த்து வாங்கினால் பாதி வருத்தம் குறையும்.

மெழுகு பெகோனியா: தள்ளுவண்டியில் வருவது பெரும்பாலும் இதுவே. நார்வேர் உடையது, மற்றவற்றைவிடச் சற்று வெயில் தாங்கும். பூத்து முடிந்ததும் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டு நிழலில் வைத்தால், கோடையைத் தாண்டி மீண்டும் துளிர்க்கக்கூடும்.

தண்டு பெகோனியா: மூங்கில்போலக் கணுக்கணுவாக உயரும், இலை சிறகின் வடிவாயிருக்கும், சிலவற்றில் வெள்ளிப் புள்ளிகள் இருக்கும். கராடியில் முதன்முதல் தொடங்குகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதுவே. ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

ரெக்ஸ் பெகோனியா: இலையே பூவைப்போல அழகாயிருக்கும். மண்ணோடு ஒட்டிப் படரும் தடித்த தண்டு உடையது. காற்றில் ஈரம் வேண்டும். அனுபவம் வந்தபின் வாங்குங்கள்.

குளிர்காலத்தில் பெரிய கடைகளில் குடைபோலப் பூத்து நிற்கும் எலேடியர் பெகோனியா: இது ஒரு கலப்பினம். இதன் பெற்றோரில் ஒன்று அரபிக்கடலில் உள்ள சொக்கோத்ரா தீவிலிருந்து 1880இல் ஆராய்ச்சியாளர் பால்ஃபர் கொண்டுசென்ற இனம். இச்செடி ஒரு பருவம் பூத்து ஓய்ந்துபோவதே வழக்கம். அது மடிந்தால் உங்கள் மேல் குற்றமில்லை.

ரோஜாப்பூ அளவுக்குப் பூக்கும் கிழங்கு பெகோனியா: இதன் முன்னோர்கள் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளைச் சேர்ந்தவை. இரவிலே குளிர்ச்சி வேண்டும். ஊட்டிக்கு ஏற்றது, கராடிக்கு ஏற்றதல்ல. படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதிருங்கள்.

சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கம் ஏராளமான நர்சரிகள் உண்டு. ஜனவரி மாதத்தில் எம்பிரஸ் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பமாகப் போய்வாருங்கள். வாங்காவிட்டாலும், வகைகளைக் கண்ணால் பார்த்துக் கேட்டறியலாம்.

ஒரு வீட்டில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் கராடியில் ஒரு வீட்டைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அக்குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் இதை எழுதுகிறேன். மே மாதம். பால்கனியில் மூன்று தொட்டிகள். இரண்டு காலி, மூன்றாவதில் ஒரு பெகோனியா தலை கவிழ்ந்து கிடந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமியார், தேநீர் கொண்டுவந்த மருமகளின் முன்பாகவே, “பாஸ்டர் ஐயா, இவ கை பட்டா எதுவும் தழைக்காது” என்று சொன்னார்கள். மருமகள் பதில் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகளாகியும் பிள்ளையில்லை. அந்த வார்த்தை செடியைக் குறித்ததல்ல என்பது அந்த அறையிலிருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் அந்த மூன்றாவது தொட்டியைக் கையில் எடுத்தேன். கல்லைப்போலக் கனத்தது. அழகுக்காக வெளியே வைத்திருந்த பீங்கான் சாடிக்குள் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. செடியைச் சாய்த்து எடுத்தபோது வேர் பழுப்பாகிக் குழைந்து, கெட்ட வாசனை வீசியது. விசாரித்தபோது, குடிநீர் ஃபில்டரிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வாளியில் பிடித்து, வீணாக்கக் கூடாதென்று, அந்தப் பெண் காலையும் மாலையும் ஊற்றிவந்திருக்கிறாள். பால்கனியோ மேற்கு நோக்கியது. அவள் அலட்சியமாயிருக்கவில்லை. பிற்பகலில் இலை தொங்குவதைக் கண்டு, தாகம் என்று நினைத்து, இன்னும் அதிகமாய் ஊற்றியிருக்கிறாள்.

இங்கே நீங்கள் கவனிக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும். தண்ணீர் மிகுந்தாலும் இலை தொங்கும். மண்ணின் துவாரங்களெல்லாம் தண்ணீரால் நிரம்பும்போது வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. மூச்சடைத்த வேர் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடுகிறது. அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் முடிவு விரைந்து வருகிறது.

மாமியார் அந்தத் தொட்டியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். “நான் பார்த்துக்கிறேன்” என்றார்கள். ஊரில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர்கள். பத்து நாளில் அதுவும் போய்விட்டது. அடுத்த வாரம் என்னிடம் அவர்களே அதைச் சொன்னார்கள். அதன்பின் அந்த வீட்டில் கைராசி என்ற பேச்சு எழவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பிரியமானவர்களே, சற்று யோசித்துப் பாருங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பெகோனியா எல்லார் கையிலும் செழிக்கிறது. கராடி சுமார் 560 மீட்டர் உயரம். இங்கே மே மாதத்து மேற்கு வெயிலில் அது எல்லார் கையிலும் கருகுகிறது. மலையேறினால் ராசி வந்து, மலையிறங்கினால் ராசி போய்விடுமோ? நல்ல நேரமும் இராகுகாலமும் சகுனமும் பார்ப்பதை விட்டுவந்தோம் என்று சபையிலே சாட்சி சொல்லுகிற நாம், கைராசி என்னும் இந்த ஒரு சொல்லை மாத்திரம் மூட்டையில் கட்டிக்கொண்டு புனே ரயிலில் ஏறிவந்துவிட்டோம். அது செடியோடு நிற்பதில்லை. ஊறுகாய் பூசணம் பிடித்தால் அவள் கை. மாவு புளிக்காவிட்டால் அவள் கை. வியாபாரம் படுத்தால் அவள் காலெடுத்துவைத்த நேரம். கடைசியில் அவள் வயிறு. எப்பொழுதும் அது வீட்டிலே பலங்குறைந்தவர்மேல்தான் விழுகிறது. வீட்டுத்தலைவரின் கைக்கு ராசியில்லை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

செடி மடிவதற்கான நான்கு காரணங்கள்

கைராசிக்குப் பதிலாகக் காரணத்தைத் தேடுவோம்.

முதலாவது, மண். புனேயைச் சுற்றியுள்ள மண் பெரும்பாலும் கருப்பு மண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். நனைந்தால் களியாகும், காய்ந்தால் வெடிக்கும். பெகோனியாவின் மெல்லிய வேருக்கு அது ஆகாது. தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலையுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது சிறு செங்கல் துண்டும் கரித்துண்டும் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். நார்த்தூளை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தபின் பயன்படுத்துங்கள். அதிலே உப்பு இருக்கக்கூடும். தொட்டி சிறியதாகவும் ஆழங்குறைந்ததாகவும் இருக்கட்டும். நான்கு முதல் ஆறு அங்குலத் தொட்டியே பெரும்பாலும் போதும். வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் தேங்கும். அடியில் துவாரம் இல்லாத எந்தப் பாத்திரத்திலும் செடியை நேராக நடாதிருங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதிருங்கள். விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மாத்திரம் ஊற்றுங்கள். அடித்துவாரத்தில் வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அதைவிட நல்லது. இரண்டு வாரத்தில் கனம் உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். தண்ணீரின் தன்மையும் முக்கியம். கராடியில் அநேக சொசைட்டிகள் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கின்றன. உப்பு மிகுந்த தண்ணீரானால் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். இலையின் ஓரம் கருகும். ஃபில்டரின் கழிவுநீரில் அந்த உப்பு இன்னும் செறிவாக இருக்கிறது. அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள்; பெகோனியாவுக்கு வேண்டாம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் மிகவும் நல்லது. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதையும் அழகுச்செடிகளுக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, வெளிச்சம். கிழக்கு பால்கனியில் காலை ஒன்பது மணி வரைக்கும் உள்ள வெயில் நன்மையானது. வடக்கு பால்கனியும் ஏற்றது. மேற்கு பால்கனிதான் உண்டென்றால், செடியைக் கம்பியோரம் வைக்காமல் சுவரோரமாக உள்ளே தள்ளி வையுங்கள். பச்சை நிழல்வலை கட்டுங்கள். தண்டு நீண்டு மெலிந்து வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. இலை வெளுத்துத் தீய்ந்தால் வெயில் அதிகம்.

நான்காவது, காற்று. புனேயில் மார்ச், ஏப்ரல் மாதத்துப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு அருகில் இறங்குவதுண்டு. கடலோர ஊர்களில் வளர்ந்த நமக்கு உதடு வெடிப்பது இதனாலேயே. பெகோனியாவின் இலையோரமும் அப்படியே காய்கிறது. செடிகளைத் தனித்தனியாக வைக்காமல் கூட்டமாக வையுங்கள். அகலமான தட்டில் கூழாங்கல் பரப்பி, பாதியளவு தண்ணீர் விட்டு, கல்லின்மேல் தொட்டியை வைத்தால் ஓரளவு உதவும். தொட்டியின் அடி தண்ணீரில் தொடக்கூடாது. ஏ.சி. காற்று நேராக வீசும் இடத்தில் வைக்காதிருங்கள். மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதிருங்கள். இரவு முழுவதும் இலை நனைந்திருந்தால் நோய் வரும்.

வருடத்தின் காலங்களும் வேலைகளும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இதுவே பெகோனியாவின் வளர்ச்சிக் காலம். தொட்டி மாற்றவும், பதியன் வைக்கவும் ஏற்ற சமயம். ஆனால் பால்கனிக்குள் அடிக்கும் சாரலில் தொட்டி ஊறாதபடி பாருங்கள். 19:19:19 போன்ற கரையும் உரத்தை, லிட்டருக்கு அரை கிராம் அளவில், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும். அதிகமான உரம் வேரைச் சுடும்.

அக்டோபர், நவம்பரில் தண்ணீரைக் குறையுங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பநிலை 10 டிகிரி அளவுக்கு இறங்கும்போது ரெக்ஸ் வகை வளர்ச்சியை நிறுத்தி, சில இலைகளை உதிர்க்கும். செத்துவிட்டதென்று எறியாதிருங்கள். மண்ணின்மேல் உள்ள தடித்த தண்டைத் தொட்டுப்பாருங்கள். அது கெட்டியாயிருந்தால் உயிர் இருக்கிறது; பிப்ரவரிக்குப்பின் துளிர்க்கும். உரம் கொடுக்காமல், மண் நன்றாய் உலர்ந்தபின் சிறிதளவு தண்ணீர் விட்டுவாருங்கள்.

இந்தக் குளிர்மாதங்களில்தான் இலைமேல் மாவு தூவியதுபோலச் சாம்பல்நோய் வரும். நோயுற்ற இலையைக் கிள்ளி அகற்றி, செடிகளை இடைவிட்டு வைத்து, காற்றோட்டம் உண்டாக்குங்கள். மிஞ்சினால் நனையும் கந்தகத் தூளைப் பொட்டலத்தில் கண்ட அளவில் தெளிக்கலாம்; கடும் வெயில் நாட்களில் வேண்டாம். பஞ்சுபோன்ற மாவுப்பூச்சி கணுக்களில் தெரிந்தால் ஈரத் துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். கந்தகமும் எண்ணெயும் அடுத்தடுத்து வேண்டாம். நடுவே இரண்டு வாரமாவது செல்லட்டும். சேர்ந்தால் இலை வெந்துவிடும்.

மார்ச் முதல் மே வரை, உயிரைக் காப்பதே வேலை. புதுச்செடி வாங்கவேண்டாம், தொட்டி மாற்றவேண்டாம், உரமும் வேண்டாம். பெகோனியாவுக்கு இதமானது 18 முதல் 27 டிகிரி வரையுள்ள வெப்பம். 38 டிகிரியில் அதனிடத்தில் பூவை எதிர்பார்ப்பது நியாயமல்ல. வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலருகே கொண்டுவந்து வையுங்கள்.

பூவைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே செடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். பெண்பூவின் பின்புறத்தில், பெரும்பாலும் மூன்று சிறகுள்ள சிறு காய்போன்ற பகுதி இருக்கும்; ஆண்பூவுக்கு அது இல்லை. ஆண்பூ சீக்கிரம் உதிரும். பெண்பூ பல நாள் நிற்கும். பூ கொட்டுகிறதே என்று பயப்படவேண்டாம். அது அதன் இயல்பு.

ஓர் இலையிலிருந்து ஒரு செடி

மழைக்காலத்தில் இதைச் செய்துபாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ரெக்ஸ் பெகோனியாவின் முதிர்ந்த, நோயில்லாத ஓர் இலையை எடுத்து, சுத்தமான பிளேடால், பெருநரம்பு ஒவ்வொன்றும் ஒரு துண்டில் வருமாறு முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். நரம்பு கூடும் முனை கீழேயிருக்கும்படி, ஈர நார்த்தூளில் பாதியளவு செருகுங்கள். மூடியுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து நிழலில் வையுங்கள். தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்று காட்டுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் வேர் பிடிக்கும். அதன்பின் சில வாரங்களில் வெட்டுவாயிலிருந்து விரல்நகம் அளவில் குட்டி இலைகள் எழும்பும். எல்லாத் துண்டும் பிழைக்காது. ஆறில் இரண்டு முளைத்தாலும் நல்ல பலனே.

தண்டு பெகோனியாவுக்கு இந்த முறை உதவாது. அதன் இலை வேர்விடும். ஆனால் பெரும்பாலும் புதுத்தளிர் வராது. இரண்டு மூன்று கணுக்களுள்ள நான்கு அங்குலத் தண்டை வெட்டி நடவேண்டும்.

மேலே சொன்ன வீட்டில், அந்த ஜூலை மாதத்தில் மாமியாரும் மருமகளும் வேறொரு சகோதரி கொடுத்த ஓர் இலையை உணவு மேஜையில் வைத்து வெட்டினார்கள். ஆறு துண்டுகளில் இரண்டு முளைத்தன. யார் நட்டது முளைத்தது என்று குறித்துவைக்க வேண்டாமென்று அந்தத் தாயாரே சொல்லிவிட்டார்களாம். அவர்கள் வீட்டின் மற்றக் காரியம் இங்கே எழுதுவதற்குரியதல்ல. ஆனால் அந்த மேஜையில் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று அந்த மகன் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாயிருந்தது.

மூன்று எச்சரிப்புகள்

பெகோனியாவின் தண்டிலும் இலையிலும் கிழங்கிலும் ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்புகள் உண்டு; அதனால்தான் புளிக்கிறது. சிறு குழந்தைகள் வாயில் வைக்காதபடி உயரத்தில் வையுங்கள். பூனையும் நாயும் உள்ள வீட்டாரும் கவனமாயிருங்கள்.

தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் ஒருக்காலும் வைக்காதிருங்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் ஒரு தொட்டி ஒரு மனிதனைக் கொல்லப் போதுமானது. கீழ்வீட்டார் துணியின்மேல் உங்கள் தண்ணீர் சொட்டாதபடி தட்டு வையுங்கள். நாம் எப்படிப்பட்ட அயலார் என்பது இதிலும் விளங்கும்.

மலைப்பாதையில் காணும் காட்டுப் பெகோனியாவைப் பிடுங்கிவராதிருங்கள். பீமாசங்கர் போன்ற சரணாலயங்களில் அது சட்டப்படி குற்றம். மற்ற இடங்களிலும், பாறையை விட்டு வந்தபின் அது பால்கனியில் நெடுநாள் நில்லாது. கண்ணால் பார்த்து, பிள்ளைகளுக்குக் காண்பித்து, அங்கேயே விட்டுவாருங்கள்.

அன்பான சகோதரியே, உங்கள் பால்கனியில் இந்தக் கோடையில் ஒரு தொட்டி காலியாகியிருந்தால், அதை ஒளித்துவைக்கவேண்டாம். மண்ணைக் கவிழ்த்துக் கொட்டி வேரைப் பாருங்கள். பழுப்பாய்க் குழைந்திருந்தால் தண்ணீர் மிகுதி. சுருங்கி நார்போல உலர்ந்திருந்தால் தண்ணீர் குறைவு. வெள்ளைப் படிவு இருந்தால் உப்பு. காரணம் தெரிந்துவிட்டால், தொட்டியைக் கழுவி வெயிலில் உலர்த்தி, ஜூன் மாதத்து முதல் மழைக்காக எடுத்து வையுங்கள்.

அன்பான தாயாரே, தகப்பனாரே, உங்கள் வீட்டில் செடி வாடினாலும் பால் திரிந்தாலும், ஒருவருடைய கையைக் குறித்து வாய் திறக்குமுன், தொட்டியை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

அடுத்த இதழில், பால்கனியில் கறிவேப்பிலைக் கன்றை வளர்ப்பதைக் குறித்துப் பேசுவோம். கர்த்தர் உங்கள் இல்லங்களில் சமாதானத்தைத் தங்கச்செய்வாராக.